நடுப்புள்ளிச் சத்தம்

வண்டி நாற்பது நிமிஷம் தாமதம் என்று ஒலிபெருக்கிப் பெண் மூன்று மொழியில் சொல்லி முடித்தாள். மூன்று மொழியிலும் பிலோமினாவுக்கு எரிச்சல் வந்தது. பயணிகளின் கனிவான கவனத்துக்காம். அவளிடம் கனிவும் இல்லை, கவனமும் இல்லை. திருச்சி ஜங்ஷன், நாலாவது பிளாட்பாரம், டி ஏழு பெட்டி இங்கேதான் வந்து நிற்கும் என்று தலைக்கு மேல் தொங்குகிற பலகை சொன்ன இடத்துக்கு நேர் கீழே சிமென்ட் பெஞ்ச். பெஞ்சில் அம்மா கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலம், மடியில் கிடார். கிடாருக்கு உறை கிடையாது. அம்மாவின் பழைய நைட்டியை அடிப்பக்கம் மூடித் தைத்து அதற்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தாள், பூப்போட்ட நைட்டிக்குள்ளிருந்து கழுத்து மட்டும் நீட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற ஆள் மாதிரி அது சாய்ந்திருந்தது. போகிறவன் வருகிறவன் எல்லாம் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும். தமயந்தி பார்க்கத்தான் இது. தமயந்தி ஊரை விட்டுப் போய் நூற்றுப் பதினேழு நாள், பிலோ எண்ணவில்லை, சும்மா தெரியும். அவள் அப்பா கூட்ஸ் வண்டி கார்டு, விருதுநகருக்கு மாற்றிவிட்டார்கள், அவளும் போனாள், பிறகு தாம்பரம் பக்கம் ஒரு காலேஜில் எலக்ட்ரானிக்ஸ், ஹாஸ்டல். லீவுக்கு வீட்டுக்குப் போனவள் இன்றைக்குத் திரும்புகிறாள். வண்டி இங்கே பத்து நிமிஷம் நிற்கும். பத்து நிமிஷத்தில் முழுப்பாட்டெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு மீட்டு. குமிழை நடுப்புள்ளியில் வைத்து ஒரு மீட்டு. அதற்குத்தான் அந்தக் கிடாரே. அந்தப் புள்ளியில்தான் சத்தம் சரியாக வரவில்லை.

குமிழ் என்பது ஃபேன் ரெகுலேட்டரை விடச் சின்னது. அதை இந்தக் கோடிக்குத் திருப்பினால் மரத்தின் சத்தம். கம்பிகள் ஏறி உட்காருகிற எலும்புத் துண்டுக்கு அடியில் மூன்று பீசோ தகடு, திறந்தால் பாட்டுப் பாடுகிற வாழ்த்து அட்டையிலிருந்து பிய்த்தது. அது மரம் நடுங்குவதைக் கேட்கும், விரல் நகம் உரசுவதைக் கூடக் கேட்கும். அந்தக் கோடிக்குத் திருப்பினால் மின்சாரச் சத்தம். கம்பிக்குக் கீழே காந்தமும் காப்பர் சுற்றிய காயிலும். அதற்கு மரமாவது மட்டையாவது, கம்பியை மட்டும் கேட்கும், ஒரு தடவை மீட்டினால் நீ சாப்பிட்டுக் கைகழுவி வருகிற வரைக்கும் இழுத்துக்கொண்டே நிற்கும். பிலோவுக்கு மரம் பிடிக்கும். தமாவுக்குக் கரண்ட் பிடிக்கும். பன்னிரண்டாம் வகுப்பு ஜூன் மாசம் பிசிக்ஸ் பீரியடில் கடைசி பெஞ்சில் இதற்காக அடித்துக்கொண்டார்கள். "மரச்சத்தம் செத்துப்போன சத்தம்டி, தட்டுன உடனே முடிஞ்சிருது" என்றாள் தமா. "உன் சத்தம் கொசு" என்றாள் பிலோ. மிஸ் ரெண்டு பேரையும் வெளியே அனுப்பினாள். வராண்டாவில் முட்டிபோட்டு உட்கார்ந்து, ரெக்கார்டு நோட்டின் பின்னட்டையில் தமா படம் போட்டாள்: பாதி உன்னுது, பாதி என்னுது, காயில் எந்தப் பக்கம் சுற்றவேண்டும் என்று ஒரு அம்புக்குறி, நடுவில் ஒரு குமிழ். குமிழின் இந்த முனையில் பி, அந்த முனையில் த, நடுவில் ஒரு புள்ளி. புள்ளிக்கு என்ன பேர் என்று கேட்டதற்குத் தமா பேனாவைக் கடித்துக்கொண்டு, "பேரு எதுக்கு, கேட்டாத் தெரியும்" என்றாள். அவள் பல்லில் நீல மை. அதை ஏன் இப்போது ஞாபகம் வைத்திருக்க வேண்டும், பரிட்சைக்கு ஒரு ஃபார்முலா ஞாபகம் நிற்காத தலையில் அந்த மை மட்டும் நிற்கிறது. பரிட்சையே எழுதவில்லை என்பது வேறு. நவம்பரில் ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். படிப்பு ஏறாமல் இல்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். எல்லாரும் பெரிய காரணம் கேட்டார்கள், பெரிய காரணம் இல்லை என்றால் யாரும் நம்புவதில்லை.

பிறகு பொன்மலைப்பட்டியில் கதவு ஜன்னல் செய்கிற பட்டறையில் சேர்ந்தாள். உப்புத்தாள் தேய்க்கிற வேலை, அப்புறம் இழைப்புளி. கதவுக்கு அறுத்து மிச்சமான பலாப்பலகையில் உடம்பு குடைந்தாள். மேல்முகத்துக்கு, எங்கிருந்தோ மெஷின் வந்த பெட்டியின் பைன் பலகை, மூன்று மில்லிமீட்டர் வரைக்கும் இழைத்து, விரல் கணுவால் தட்டித் தட்டிப் பார்த்து, சத்தம் 'டொக்'கிலிருந்து 'டும்'முக்கு மாறுகிற இடத்தில் நிறுத்தினாள். எங்கே நிறுத்தவேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, முதல் பலகையை உடைத்துத்தான் தெரிந்துகொண்டாள். ரம்பம் பிடிக்கிற சூசையண்ணன் ஒவ்வொரு நாளும் ஒரு தடவையாவது, "என்னத்தா, வீணைக்கும் முறத்துக்கும் பொறந்த புள்ள எப்படி இருக்கு?" என்பான். சிரித்துவிட்டுப் போகட்டும், ஆனால் பைன் பலகை மேல் எவனாவது தலை குனிந்து பார்க்க வந்தால் கத்துவாள். இன்னும் பாலீஷ் போடவில்லை, வெள்ளை மரம், எண்ணெய் பட்டால் உள்ளே இறங்கிவிடும், உப்புத்தாள் போட்டாலும் போகாது. முந்தாநாள் சாயங்காலம் கம்பி ஏற்றினாள். பி முனையில் வைத்தாள். மரம் பேசியது, நிஜமாகவே, நெஞ்செலும்பில் யாரோ உள்ளேயிருந்து தட்டினது மாதிரி. த முனையில் வைத்தாள். அது நீண்டது, நீண்டுகொண்டே போனது, தமாவே வந்து வாசலில் நின்று ரொம்ப நேரம் பிலோ என்று கூப்பிட்ட மாதிரி. உடனே போனை எடுத்து, நடுவில் வைத்துப் பார்க்கக் கூடப் பொறுக்காமல், அனுப்பினாள்: முடிஞ்சிருச்சு. நடுவுல வச்சா செத்துருவ. அதற்கு முன்னால் ஒரு மாசமாகத் தமாவிடமிருந்து வந்ததெல்லாம் 'ம்', 'சரி', 'லேப் இருக்கு'. இதற்கு மட்டும் ஒரே நிமிஷத்தில் பதில் வந்தது. சனிக்கிழமை வர்றேன். பகல் வண்டி. பத்து நிமிஷம். தூக்கிட்டு வா. நடுவுல மட்டும் வை. அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே குமிழை நடுப்புள்ளிக்குத் திருப்பி மீட்டினாள். தகர டப்பாவுக்குள் ரெண்டு கூழாங்கல். அவ்வளவுதான் வந்தது. அடிக்குரல் போன இடம் தெரியவில்லை. தனியாக அவளுடையது நல்லா இருக்கு, தனியாக இவளுடையது நல்லா இருக்கு, சேர்த்தால் ரெண்டும் இல்லை. இருபது தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போனை எடுத்து 'இல்லடி, சரியா வரல' என்று அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்தாள், அழித்தாள். சரியாக வரவில்லை என்று சொன்னால் அப்புறம் ஏன் தூக்கிக்கொண்டு வரவேண்டும், அவள் எதற்கு ஜன்னல் பக்கம் எட்டிப்பார்க்க வேண்டும், 'சரி' என்று ஒரு பதில் வரும், அதோடு முடிந்தது. பொய் சொல்லவில்லை. சொன்னபோது உண்மை என்றுதான் நினைத்தாள். பிறகு வாயைத் திறக்கவில்லை. அது பொய்தான், பிலோமினா, சும்மா மழுப்பாதே.

"வீணையாம்மா?" என்று பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார். மடியில் நாலடுக்குத் தூக்குச்சட்டி, அதன் மேல் துண்டு. இந்த பிளாட்பாரத்தில் எப்போதும் இப்படி நாலு பேர் இருப்பார்கள், சொந்தக்காரர்கள் போகிற வண்டிக்குச் சாப்பாடு எடுத்து வந்து, பெட்டி எண்ணை ஜெபம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு. "கிடாரு." "ஓ. நீயே செஞ்சியா, பார்த்தா அப்பிடித்தான் இருக்கு." அது பாராட்டா இல்லையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. "எந்தப் பெட்டி?" "டி ஏழு." "எனக்கு டி எட்டு. மாமியாரு. தயிர்சாதம். நாப்பது நிமிஷம் லேட்டுன்னா தயிரு புளிச்சிரும், புளிச்சா அந்தம்மா சென்னை வரைக்கும் என்னைப் பத்தியே பேசிட்டுப் போகும்." பிலோவுக்குச் சிரிப்பு வந்தது. "நீ யாருக்கு எடுத்துட்டு வந்த?" "ஃப்ரெண்டுக்கு. இட்லி." "அது சரி, கிடாரு?" அவள் நைட்டியின் வாயை இழுத்து மூடினாள். அவரே சொல்லிக்கொண்டார், "வாசிச்சுக் கீசிச்சு வைக்காதம்மா, போலீஸ்காரன் நீ காசுக்குத் துண்டு விரிச்சிருக்கேன்னு நெனச்சுத் தூக்கிட்டுப் போயிருவான், அப்புறம் இட்லியை நாந்தான் சாப்பிடணும்."

வெயில் தகரக்கூரையைத் தாண்டி இறங்கியது. நைட்டிக்குள் கைவிட்டுக் கம்பியைத் தடவினாள், சூட்டில் சுருதி இறங்கியிருந்தது, முறுக்கினாள், ஒரு நிமிஷத்தில் மறுபடி இறங்கியது. தானும் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. தமா கூட யாராவது இருந்தால்? காலேஜ் பிள்ளைகள் நாலு பேர், பெட்டிக்குள் இருந்து நைட்டி போட்ட கிடாரைப் பார்த்துச் சிரித்தால், தமாவும் சேர்ந்து சிரித்தால்? சிரிக்கமாட்டாள். சிரிக்காமல், 'நல்லா இருக்கு பிலோ' என்று சொன்னால்? அதுதான் பயம். தமா ஒருநாளும் 'நல்லா இருக்கு' என்று சொன்னதில்லை. 'கேவலமா இருக்கு, மறுபடி வாசி' என்பாள், 'வாயைப் பொத்து, கேக்க விடு' என்பாள். மரியாதைக்கு 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தாளானால் இந்தக் கிடாரைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டுப் போய்விடலாம். காயிலை அவள்தான் சுற்றினாள். தமாவின் பரிட்சை முடிந்த வாரம், ஏப்ரல், அம்மாவின் தையல் மிஷினில், பாபின் சுற்றுகிற இடத்தில் காந்தக்கட்டையை மாட்டி. ஆறாயிரம் சுற்று. தமா மிதிப்பாள், பிலோ எண்ணுவாள். தலைமுடியை விட மெல்லிசான காப்பர், அறுந்தால் முதலிலிருந்து. நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டில் தமா திடீரென்று, மிதிப்பதை நிறுத்தாமல், "நாங்க காலி பண்றோம்டி, மே ஒண்ணு" என்றாள். பிலோவுக்கு எண்ணிக்கை போய்விட்டது. நாலாயிரத்து முந்நூறா, ஐந்தாயிரமா, என்ன எழவோ. தமா மிதித்துக்கொண்டே இருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை, நடுவகிடு, அதைப் பார்த்துக்கொண்டே பிலோ வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தாள், நிறுத்தினால் அழுதுவிடுவாள் என்று. அப்போதுதான் அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள், சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள், "ஏய், யாருடி அது சக்கரத்தைப் பின்னாடி ஓட்டுறது, நூலு அறுந்துரும்!" "நூல் இல்ல ஆன்டி, காப்பர்" என்று தமா பதிலுக்குக் கத்தினாள். ரெண்டு பேரும் அப்போது சிரித்தார்கள். ரொம்ப நேரம் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அந்த இடத்திலேயே மனசு நின்றுகொண்டது. போகச் சொன்னாலும் போகவில்லை. அம்மாவின் குரல், பின்னாடி ஓட்டுறது. இதையே எதற்கு மென்றுகொண்டிருக்கிறாய், வேறு எதையாவது நினை. பட்டறையை நினை. கரண்ட் போன நாளில் சூசையண்ணனோடு ரெண்டாள் ரம்பம் இழுப்பதை நினை. முதல் நாள் ரம்பம் நகரவே இல்லை. அவன் இழுக்கிறபோது இவளும் இழுத்தாள். "நீ இழுக்கும்போது நான் விடணும், நான் இழுக்கும்போது நீ விடணும், ரெண்டு பேரும் பலசாலின்னு ஆளுக்கொரு பக்கம் இழுத்தா மரத்துக்கு என்னத்தா ஆவும்? ஒண்ணும் ஆவாது." ஒண்ணும் ஆகாது. ரெண்டு பேருக்கும் பலம் இருக்கிறது, ரம்பம் நகராது. பிலோ நைட்டிக்குள் இருந்த கையை எடுத்தாள். பின்னாடி ஓட்டுறது. தமாவுக்குத் தையல் தெரியாது. புதுசாக மிதிக்கிறவர்கள் எல்லாருக்கும் சக்கரம் பின்பக்கம்தான் ஓடும், அம்மாவிடம் தைக்கக் கற்றுக்கொள்ள வருகிற ஒவ்வொருத்தியும் முதல் வாரம் அதற்குத்தான் திட்டு வாங்குவாள். ஆறாயிரம் சுற்றும் பின்பக்கமாக. நோட்டில் போட்ட அம்புக்குறிக்கு நேர் எதிராக. மரம் மேலே தள்ளுகிற நேரத்தில் காயில் கீழே இழுக்கிறது. அதனால்தான் நடுப்புள்ளியில் ஒருத்தியை ஒருத்தி அழிக்கிறார்கள். யாரும் மட்டமில்லை. பொருந்தாமலும் இல்லை. ரெண்டு ஒயரை இடம் மாற்றிப் பற்றவைத்தால் போதும், ரெண்டு நிமிஷ வேலை. அவளுக்கு பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்த வேண்டும் போல் இருந்தது. பற்றவைக்கிற இரும்பு வீட்டில் இருந்தது. வீடு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஒலிபெருக்கிப் பெண் மறுபடியும் தொண்டையைச் செருமினாள், தயிர்சாதத்துக்காரர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார், "வந்துருச்சும்மா, எந்திரி எந்திரி!"

எஞ்சின் அவளைத் தாண்டிப் போயிற்று, பெட்டிகள் தாண்டிப் போயின, டி ஏழு பலகைக்கு நேராக நிற்காமல் இருபது அடி தள்ளி நின்றது, எல்லாரும் ஓடினார்கள், அவளும் நைட்டியை உருவிக்கொண்டே ஓடினாள். மூன்றாவது ஜன்னலில் கம்பிக்குப் பின்னால் தமா. இளைத்திருந்தாள். காதில் புதுத் தோடு. எண்ணெய் மட்டும் அதே எண்ணெய், அதே நடுவகிடு. அவளும் பிலோவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தமா கிடாரைப் பார்த்து, "அடச்சீ, இவ்ளோ குண்டாவா செஞ்ச?" என்றாள். பிலோவுக்கு உயிர் வந்தது. "நடுவுல வை. சீக்கிரம். தள்ளுங்க சார், கொஞ்சம் கால எடுங்க." பக்கத்து சீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே காலை மடக்கினார். பிலோ, சத்தத்தைப் பெரிசாக்குகிற தீப்பெட்டி அளவு ஆம்பைக் கிடாரில் சொருகினாள், அதில் இயர்போனைச் சொருகினாள், குமிழில் கை வைத்தாள், வைத்தபடி நின்றாள். "நடுவுல வேலை செய்யல." "என்ன?" "வேலை செய்யல. டப்பா மாதிரி கேக்குது. மெசேஜ் போட்டதுக்கு அப்புறம்தான் பார்த்தேன். உங்கிட்ட சொல்லல." "ஏன் சொல்லல?" "சொன்னா நீ எட்டிப் பார்க்கமாட்டேன்னு." தமா அவளையே பார்த்தாள். ஒரு டீக்காரன் ரெண்டு பேருக்கும் நடுவில் பக்கெட்டோடு புகுந்து வெளியேறினான். "லூசு" என்றாள் தமா, மெதுவாக. "எதனாலன்னு தெரியுமா?" "இப்பதான் தெரிஞ்சுது. நீ சக்கரத்தைப் பின்னாடி ஓட்டுன." தமா ஒரு நொடி யோசித்தாள், அந்த நொடியில் தையல் மிஷினும் அம்மாவின் கத்தலும் அவள் முகத்தில் ஓடியதை பிலோ பார்த்தாள், பிறகு தமா கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "ஆன்டி அப்பவே சொன்னாங்க!" "நூல் இல்ல ஆன்டி, காப்பர்னு வியாக்கியானம் பேசுனியே." "ஒயர மாத்து அப்ப." "இரும்பு வீட்ல இருக்கு." "எத்தன நிமிஷம் இருக்கு?" "அஞ்சு." பிலோ இயர்போனில் ஒன்றை ஜன்னலுக்குள் நீட்டினாள், ஒன்றைத் தன் காதில் வைத்தாள். குமிழைத் த முனைக்குத் திருப்பினாள். கிடாரைத் தூக்கி, பைன் முகத்தை ஜன்னல் கம்பியோடு அழுத்திப் பிடித்தாள். "ஒரு காதுல அதை மாட்டு. இன்னொரு காதை மரத்துல வை. நல்லா அழுத்தி." தமா கன்னத்தைக் கம்பிகளுக்கு நடுவில் கொண்டுவந்து, காதை வெள்ளை மரத்தில் வைத்தாள். கண்ணை மூடினாள். பிலோ கையைக் கோணலாக வளைத்து இ மைனர் பிடித்தாள், ரெண்டு விரல் போதும் அதற்கு, ரெண்டு விரலில் எப்படிடி இவ்வளவு சோகம் என்று தமா கேட்கிற அதே இ மைனர், மீட்டினாள். அவள் காதில் மின்சாரம் மட்டும் நீண்டது. மரம் கேட்கவில்லை. மரம் தமாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் பெட்டி தள்ளுகிறவர்களும் தண்ணீர் பாட்டில்காரனும் ஒலிபெருக்கிப் பெண்ணும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். தமாவின் மூடின கண்ணுக்குள் விழி அசைந்தது. சத்தம் தேய்ந்து முடிகிற வரைக்கும் அவள் எடுக்கவில்லை. "ம்" என்றாள். மெசேஜில் வருகிற ம் இல்லை. பிறகு, "வாயைப் பொத்து" என்றாள், பிலோ ஒன்றுமே பேசாதபோது. "மறுபடி."

நாலு தடவை மீட்டினாள். ஐந்தாவது தடவை கையை ஓங்கும்போது வண்டி குலுங்கியது, மரம் தமாவின் கன்னத்திலிருந்து விலகியது. பிலோ கூடவே நடந்தாள். இயர்போன் ஒயர் இழுபட்டு அவள் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டது, ஆம்பிலிருந்தும் பிடுங்கிக்கொண்டது, வெள்ளையாக ஜன்னலுக்கு வெளியே ஆடிக்கொண்டு போனது. "பிலோ! நீ மாத்தாத!" "என்ன?" "ஒயர! நீ மாத்தாத! நான் சுத்துனது, நான்தான் மாத்துவேன்! கிறிஸ்துமஸ் லீவுக்கு வர்றேன்!" "அதுக்கு நாலு மாசம் இருக்குடி!" தமா கையை வெளியே நீட்டி என்னவோ சொன்னாள், சக்கரச் சத்தத்தில் அது போய்விட்டது. பிறகு கடைசிப் பெட்டியும் போய்விட்டது, தண்டவாளம் மட்டும் இருந்தது. பெஞ்சுக்குத் திரும்பி வந்தபோது இட்லிப் பொட்டலம் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. தயிர்சாதத்துக்காரர் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார், ஜெயித்துவிட்ட முகம். பொட்டலத்தைப் பார்த்தார். "அடக் கடவுளே, குடுக்கலையா? அப்ப அஞ்சு நிமிஷமா ஜன்னல்ல என்னதாம்மா பண்ணிட்டிருந்த?" "மறந்துட்டேன்ணே" என்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். அவள் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள், பொடி தடவின ஆறு இட்லி, நாலைத் தின்றாள், பசி அப்படி இருந்தது. நாலு மாசம். இரும்பு வீட்டில் இருக்கிறது, ரெண்டு நிமிஷ வேலை, இன்றைக்குச் சாயங்காலமே முடித்துவிடலாம், தமாவுக்குத் தெரியவா போகிறது. இந்த மாதிரி ஒன்றைச் செய்யாமல் பிலோமினா ஒருநாள் கூடப் பொறுத்ததில்லை. கிடாரை நைட்டிக்குள் நுழைக்கப்போனபோதுதான் பார்த்தாள். பைன் முகத்தில், கம்பிகள் உட்காருகிற எலும்புத் துண்டுக்கு மேலே, காது அளவுக்கு ஒரு எண்ணெய்க் கறை. தேங்காய் எண்ணெய். ஓரம் இன்னும் பரவிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஜங்ஷனே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியிருப்பாள். மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு பொடி ஒட்டின விரல் மரத்தில் படாதபடி, புறங்கையால் குமிழை நடுப்புள்ளிக்குத் திருப்பி, கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்கட்டும் என்று அங்கேயே விட்டாள்.